அண்ணி வீட்டு ஆணியில் ஒரு பனிக்காலை

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் செதிலை வழித்துக்கொண்டே அண்ணி என்னிடம் கேட்டார்.

“பாப்பா, புது வூட்டுக்கு நம்ம போட்டை ஒண்ணு வரைஞ்சி குடுப்பியா?”

நான் பொன்னேரியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. பிறந்தது பசியாவரத்தில், ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு. அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. அன்றிலிருந்து நான் வரையாத வாரம் இல்லை. அண்ணி என் படம் ஒன்றையாவது கேட்ட வாரமும் இல்லை. பார்ப்பார், “நல்லா கீது” என்பார், அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார். பழைய வீடு ஓலைத்தட்டி வீடு, ஆணி அடிக்க அதில் சுவர் ஏது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் வருத்தம்தான். ஊரெல்லாம் என் படத்தைப் பாராட்டி என்ன, அண்ணி ஒன்றைக் கேட்கவில்லையே என்று இருக்கும். அதனால் அன்று அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாதாரணமாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, படகுப் படம் எதற்கு என்று கேட்டேன்.

“புது வூடு உள்ள தள்ளி கீது. இங்கன்னா வாசல்ல குந்தினா ஏரி தெரியும், உங்கண்ணன் வர்றது தெரியும். அங்க நாலு பக்கமும் செவுருதான். வூட்ல இருந்து பாத்தா போட்டு தெரியணும், அவ்ளோதான்.”

தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடி போவதாக ஏற்பாடு. கூடத்துச் சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்திருந்தார்கள். அதற்குப் போட்டியும் தயாராக இருந்தது. அண்ணியின் தம்பி மீஞ்சூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். அவர் அக்காவுக்கென்று அருவிப் படம் ஒன்று வாங்கி வந்திருந்தார். பிளக்கைச் சொருகினால் அருவியில் தண்ணீர் ஓடும், குருவி கத்தும். தீவில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குருவி கத்துகிற படத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நிலைமை எந்த ஓவியருக்கும் வரக்கூடாது.

நான் வரைகிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே வாட்டர் கலர், மேலே சாக்பீஸ் மாதிரி இருக்கும் பேஸ்டல் குச்சி. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலில் முரடான பேப்பரை நனைத்து, ஆரஞ்சையும் ரோஜா நிறத்தையும் ஓடவிடுவேன். தூரத்துக் கரை வரும் இடத்தில் ஒரு கத்தரிப்பூ நிறம். அது தன்பாட்டுக்குக் கலந்து பரவும், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேஸ்டல். குச்சியை முனையால் பிடிக்காமல் படுக்கவைத்து, அழுத்தமே கொடுக்காமல் இழுக்க வேண்டும். பேப்பரின் மேட்டில் மட்டும் சாம்பல் நிறம் ஒட்டும், பள்ளத்தில் அடியில் கிடக்கும் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். பனி என்றால் வெள்ளை என்றுதான் என் மாணவிகள் எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளையை எடுத்து அப்பிவிட்டு, மிஸ் பனி வந்துடுச்சு என்பார்கள். எங்கள் ஏரிப் பனிக்குள் ஒரு சூடு இருக்கும். சூரியன் எங்கே என்று தெரியாது, ஆனால் எழுந்துவிட்டது என்று தெரியும். அந்தச் சூடு பேப்பரில் வந்துவிட்டால் அன்று முழுக்க எனக்குப் பசிக்காது, யார்மேலும் கோபமும் வராது. எனக்குக் கோபம் வராத நாட்கள் குறைவு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் இது பிடித்த பழக்கம்.

ஒரே தொல்லை, மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் எதுவும் காயாது. துணி காயாது, கருவாடு காயாது, என் பேப்பர் மட்டும் காய்ந்துவிடுமா? அரைகுறை ஈரத்தில் பேஸ்டல் வைத்தால் ஊறின சுண்ணாம்புபோல் பிசுபிசுத்துவிடும். அதனால் முதல் பூச்சு முடிந்ததும் பலகையோடு தூக்கிக்கொண்டு அண்ணியின் அடுப்புக்கு ஓடுவேன். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் என் பலகையுமாக அவர் அதைத் தணலுக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டுவார். வெயில் வந்தபிறகு என்றால் கருவாட்டுக்குப் பக்கத்தில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். என் ஏரிப் படங்கள் எல்லாவற்றிலும் லேசாகச் சென்னாக்குனிக் கருவாட்டு வாசனை அடிக்கும். நான் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

“என் தங்கச்சி மொதல்ல தண்ணியில வரைவா, அப்பால அது மேல சுண்ணாம்பு அடிப்பா. வூட்டுக்கு வெள்ளையடிக்க ஆளே தேவையில்ல” என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

முதல் படத்தை உற்சாகமாக ஒரே காலையில் முடித்தேன். சொன்னால் தற்பெருமையாக இருக்கும், பனி அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. வானம் எது தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரை ஒரு மூச்சு அளவுக்குத் தெரிந்தது. நடுவில் படகை ஒரு நிழலாகத் தொட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். ஓரமாகப் போய்ப் பார்த்தார்.

“நல்லா கீது. நம்ம போட்டு எங்க?”

“தோ இருக்குதே, அண்ணி. நடுவுல.”

“இதுவா? இது எவன் போட்டுன்னு யாரு கண்டா. கட்டையாகூட இருக்கலாம். நம்மது பச்ச இல்ல? செவப்புக் கோடு எங்க?”

பனிக்குள் பச்சை தெரியாது, சிவப்பு தெரியாது, எல்லாம் ஒரே சாம்பல்தான், இதுதான் இந்த மாதிரிப் படத்தின் அழகே என்று நான் விளக்க ஆரம்பித்தேன். என் விளக்கம் நீளும்போது குரலும் ஏறும். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி பாப்பா, சாப்புடு வா” என்றார். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு வீம்புக்கு ஒன்று வரைந்தேன். கேட்டது போட்டுதானே, இந்தா போட்டு. பச்சை, சிவப்புக் கோடு, எண், படகின் முன்முனையான அணியத்தில் கட்டியிருந்த பழைய பிளாஸ்டிக் பூமாலை வரைக்கும் பேஸ்டல் முனையைச் சீவிச் சீவிப் போட்டேன். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஷோரூம்ல வெச்ச மாதிரி கீதும்மா” என்றார். பாவம், அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் படத்தில் காற்றே இல்லை என்று எனக்கே தெரிந்தது. அண்ணியும் “ஆங், இதுல தெரியுது” என்று சொன்னாரே தவிர, ஆணியில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. அருவிப் படத்தின் குருவி உள்ளே கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிளக்கை நான் கொஞ்சம் வேகமாகவே பிடுங்கினேன்.

பொங்கல் விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு தீவுக்கு வந்துவிட்டேன். தை பிறந்த பிறகும் பனி விடவில்லை. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் விடியற்காலை, பலகையைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு கரைக்குப் போனேன். அண்ணன் இறால் வலைக்குப் போயிருந்தார். அண்ணி அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. இன்னொன்று கேட்டேன், அதற்கும் இல்லை. முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கோபமாக இல்லை. கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு தெரியும்வரை அண்ணி பேசமாட்டார் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. நான் எப்போது கரைக்கு வந்தாலும் பார்ப்பது பேப்பரைத்தான்.

திடீரென்று அண்ணி எழுந்து அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“உங்கண்ணன் வந்துட்டாரு.”

நான் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சாம்பல், அதற்குமேல் சாம்பல்.

“எங்க அண்ணி?”

“தோ பாரு. நாஸ்டாவுக்கு ரவ வெச்சிகீறேன், உனுக்குப் போதுமா?”

அதன்பிறகு அண்ணி பேச்சை நிறுத்தவில்லை. புது வீட்டுக் கதவு இறுகுகிறது என்றார், பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழியவேண்டும் என்றார், யார் யார் சாப்பிட வருவார்கள் என்றார். அவர் பேசிக்கொண்டே இருக்க, நான் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். முதலில் சாம்பலுக்குள் கொஞ்சம் அடர்த்தியான சாம்பல். பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணனுக்கு இடது தோள் எப்போதும் இறங்கியிருக்கும். கம்பை ஊன்றித் தள்ளும்போது இன்னும் இறங்கும். அந்தச் சாய்வைத்தான் அண்ணி பார்த்திருக்கிறார். பச்சையும் சிவப்பும் எல்லாம் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அங்கேயே உட்கார்ந்து ஆரஞ்சை ஓடவிட்டேன், ரோஜாவை ஓடவிட்டேன். அடுப்புக்கு ஓடி வந்தேன். அண்ணி ரவையைக் கிண்டிக்கொண்டே பலகையைத் தணலில் காட்டினார். காய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பேஸ்டலை எடுத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் நாலைந்து இழுப்பு, அதற்குமேல் சாம்பல். இடது தோளை மட்டும் ஒருமுறை அழித்து மறுபடி போட்டேன். படகு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பச்சை இல்லை, சிவப்புக் கோடு இல்லை, எண் இல்லை. அண்ணி கேட்டது எதுவும் இல்லாத படத்தை அண்ணிக்காக வரைந்திருக்கிறேனே என்று முடித்த பிறகுதான் உறைத்தது. இனி வேறு வரைய நேரமும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் பொன்னேரி பிரேம் கடை பூட்டிக்கிடந்தது. கண்ணாடி போட வழியில்லை. பேஸ்டல் படம் கண்ணாடி இல்லாமல் இருப்பது மூடி இல்லாமல் கோலமாவை வைப்பதுபோலத்தான், ஒரு விரல் பட்டால் போச்சு. மறுநாள் விடிந்ததும் யாரும் வருவதற்குமுன் நானே போய் அதை அட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டேன். அருவியைக் கீழே சுவரோரமாகச் சாய்த்துவைத்தேன். வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே மடக்கி, “படத்துக்கிட்ட போவாதீங்க, தொடாதீங்க, தும்மாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியின் தம்பி தன் அருவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை போட நான் தயாராகவே இருந்தேன்.

பால் பொங்கியது, கிழக்கே வழிந்தது. அண்ணி முகமெல்லாம் சிரிப்பாக மஞ்சள் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துவந்தார். நிலைப்படி, அடுப்பு, தண்ணீர்க் குடம். சுவிட்ச் பலகைக்கும் வைத்தார். அருவிக்கும் ஓர் ஓரத்தில் வைத்தார். பிறகு நிமிர்ந்து என் படத்தைப் பார்த்தார்.

கூடம் முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். கையை நெற்றிக்குமேல் வைத்தார். வீட்டுக்குள் வெயில் எங்கே இருக்கிறது? நல்லா கீது என்று சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணி விரலை மஞ்சளில் தோய்த்தார்.

“அண்ணி, தொடாதீ...” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஈர விரல் படத்தின்மேல் இருந்தது. மஞ்சள், அதன்மேல் குங்குமம். நான் வரையாமல் பனிக்குள் விட்டிருந்த இடத்தில், அணியம் எங்கே இருக்குமோ மிகச் சரியாக அங்கே, ஒரு பொட்டு. பேஸ்டல் அந்த இடத்தில் குழைந்து ஒரு காசளவுக்குப் பெயர்ந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்து அண்ணி பயந்துபோனார்.

“இன்னா பாப்பா, கலீஜாயிடுச்சா? எல்லாத்துக்கும் வெச்சிட்டு நம்ம போட்டுக்கு வெக்காம எப்பிடி வுடறது?”

“ஒண்ணும் ஆவல அண்ணி” என்றேன். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னதில் அவருக்குப் புரிந்ததோ என்னவோ. பொட்டு வைத்த கையால் பெண்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவரும் செய்தார். தாலியை வெளியே எடுத்து, விரலில் மிச்சமிருந்ததை அதில் ஒற்றினார். குங்குமத்தோடு என் பனியின் சாம்பலும் தாலியில் ஒட்டிக்கொண்டது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரவிக்கைக்குள் விட்டுவிட்டு, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடப் போனார்.