கண்ணக்காவின் காவல்

சந்தேகப்படுவதற்கென்று ஒரு பட்டம் இருந்தால் அதைக் கண்ணக்காவுக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் வாங்கிக்கொள்வாள்.

அவள் தொழில் செயற்கைக் கண்ணுக்கு நிறம் தீட்டுவது. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்கள் அவள் பட்டறைக்கு வருவார்கள். அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, மிச்சமிருக்கும் கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் அதே பழுப்பைக் கொண்டுவருவாள். வெள்ளைப் பகுதியில் ரத்த நாளங்களுக்காகச் சிவப்புப் பட்டுநூலைப் பிரித்து இழை இழையாக ஒட்டுவாள். வேலை நன்றாக அமைந்தது என்பதற்கு ஒரே அடையாளம், யாருமே அதைக் கவனிக்காமல் போவது. பாராட்டு வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே, பெண்கள் கல்லூரியின் ஓவியத் துறைப் பேராசிரியை ஒரு நாள் பட்டறைக்கே வந்து நின்றபோது கண்ணக்காவுக்கு மூக்கு வியர்த்தது.

"பெண் கலைஞர்களைக் கொண்டாடுறதுக்காக வருஷாவருஷம் ஒருத்தரைக் கூப்பிடுவோம். ஒரு மாசம் எங்க கல்லூரியிலயே இருந்து வேலை செய்வாங்க. பசங்க பக்கத்துல இருந்து பார்ப்பாங்க. இந்த வருஷம் நீங்க வரணும்."

"நான் கலைஞர்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"கேள்விப்பட்டோம்."

"அதான், யார்கிட்ட?"

பேராசிரியை சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பில் கண்ணக்காவின் சந்தேகம் இன்னும் முற்றியது. காரணம் இருந்தது. அதே கல்லூரியின் கணக்குப் பிரிவில்தான் அவள் தங்கை வேலை பார்த்தாள். தங்கையின் இடது கண் கண்ணக்கா செய்தது.

தங்கை சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அந்தக் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கடையில் தயாராகக் கிடைத்த கண் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். நிறமும் சேரவில்லை, அளவும் சேரவில்லை. பள்ளிக்கூடத்தில் "பொம்மை, பொம்மை" என்று கூப்பிட்டே அழவைத்தார்கள். அழுத பிள்ளையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் அக்காதான். அந்த ஆத்திரத்தில்தான் அவள் பல்செட்டும் செயற்கைக் கண்ணும் செய்கிற பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தாள். முதலாளியிடம் வாங்காத திட்டெல்லாம் வாங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். அவள் கைக்கு வந்த முதல் நல்ல கண் தங்கைக்குப் போனது. அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டாள்: இனிமேல் இது வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, வெளியே போனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. அக்கா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் தையல் என்று சொல்ல வேண்டும். அவளோ அறுந்த பொத்தானைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாதவள்.

இப்போது கல்லூரியில் யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தால் தங்கை மறுபடியும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். போகாவிட்டால் சந்தேகம் வலுக்கும், போனால் மோப்பம் பிடித்தது யாரென்று கண்டுபிடித்துவிடலாம். உயிருள்ள ஆளை உட்காரவைத்து வேலை செய்து காட்டமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கண்ணக்கா ஒப்புக்கொண்டாள்.

மாடியில் பெரிய ஜன்னல்கள் வைத்த அறையைக் கொடுத்தார்கள். வாசல் தெரிகிற மாதிரி மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாணவிகள் தூரிகையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வாள். வீட்டைப் பற்றிக் கேட்டால் வாயைக் கிளறுகிறார்கள் என்று நினைப்பாள். "உங்க முகத்தை வரையட்டுமா?" என்று கேட்ட பெண்ணை, தங்கையின் முகச்சாடையைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாள் என்று விரட்டிவிட்டாள். அந்தப் பெண் பாவம், ஜன்னல் கம்பியை வரைந்துகொண்டு போனாள்.

தாழ்வாரத்தில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே வந்தால் முன்பின் தெரியாதவர்கள் போலத்தான் கடந்துபோவார்கள். ஒரு மத்தியானம் கீழே தங்கையும் பேராசிரியையும் டீக் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை சட்டென்று நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். கண்ணக்கா உடனே போனை எடுத்தாள்.

"அந்தம்மாகிட்ட என்னடி பேச்சு?"

"சும்மாதான்க்கா."

"சும்மாவா? மூக்குக் கண்ணாடியைக் கழட்டிடாதே, சொல்லிட்டேன்."

"சரிக்கா."

அந்தச் "சரிக்கா"வில் ஒரு சலிப்பு இருந்தது. என்னவோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று கண்ணக்கா முடிவுகட்டினாள்.

கடைசி நாள் அறை நிரம்பியிருந்தது. மாணவிகளும் அலுவலகத்துக்காரர்களும் சுவரோரமாக நின்றார்கள். பேராசிரியை இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு, "இன்னிக்கு ஒருத்தரை உட்காரவச்சே கண் தீட்டிக் காட்டப்போறாங்க" என்றார்.

"அது நம்ம பேச்சுலயே இல்லையே!" என்று கண்ணக்கா சீறினாள்.

அதற்குள் தங்கை கூட்டத்திலிருந்து வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

கண்ணக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து பல்லைக் கடித்தாள். "எந்திரிடி. இவங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான்க்கா."

"எப்போ?"

"வேலைக்குச் சேர்ந்தப்பவே. இடது பக்கமா யாராவது வந்தா எனக்குத் தெரியாதுல்ல? ஒரு குரல் கொடுத்துட்டு வாங்கன்னு சொல்லித்தானே ஆகணும்? ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். செஞ்சது யாருன்னு மட்டும் உனக்குப் பயந்து சொல்லாம இருந்தேன். இந்த வருஷம் அதையும் சொல்லிட்டேன். உன் பேரைக் கொடுத்ததும் நான்தான்."

"அப்ப நான் இத்தனை வருஷமா..." கண்ணக்காவுக்குக் கோபம் வந்தது. காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் அழுகையும் வந்து தொலைத்தது.

"வேண்டாம்னா நிறுத்திடலாம்மா" என்றார் பேராசிரியை.

"நிறுத்துறதாவது!" புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்த்தாள்.

இரண்டு கண்ணும் சேரவில்லை. உயிர்க் கண்ணில் கருவிழியைச் சுற்றி வயசு ஒரு சாம்பல் வளையம் போட்டிருந்தது. வெள்ளை மங்கியிருந்தது. அவள் செய்த கண் மட்டும் பளிச்சென்று, வேறு யாருடையதோ போல இருந்தது. தங்கையை யார் பார்க்கிறார்கள் என்றே இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தவள், தங்கையைப் பார்க்கவே இல்லை.

"என்னடி இது, ரெண்டும் சேரவே இல்லையே. எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளாவே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பட்டறைக்கு வந்தா யாராவது பார்த்துடுவாங்க, வராதேன்னு நீதானே சொன்னே?"

கண்ணக்கா தூரிகையை எடுத்தாள். சுவரோரமாக ஒதுங்கி நின்ற மாணவிகளைப் பார்த்து, "அங்கேயே நின்னா என்ன தெரியும்? வெளிச்சத்தை மறைக்காம கிட்ட வாங்க. இவ என் தங்கச்சி" என்றாள்.