குதிரையை லாயத்தில் விட்ட வருடம்

என் கணவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விடுவது அவருடைய தொழில். அன்று காலை ஒரு சிறுமியை ஏற்றி உட்காரவைத்துக் கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தவர், படகுத்துறைக்கு முன்னால் அப்படியே சரிந்துவிட்டார். குதிரை மிரளவில்லை. சிறுமியின் அப்பா ஓடிவந்து அவளை இறக்கும்வரை, கீழே கிடந்தவர்மேல் குளம்பு பட்டுவிடாமல் ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றதாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் குழறிய நாக்கால் அவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

"குதிர எங்க புள்ள?"

"ஏரிக்கரைலதாங்க. கூட ஓட்டுறவங்க பாத்துக்கிறாங்க."

"வெள்ளனே தண்ணி காட்டச் சொல்லு. வெயில் ஏறுனா குடிக்காது."

ஒரு மாதம் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாயுடுபுரத்தில் எங்கள் வீடு சாலைக்குக் கீழே நாற்பது படி இறங்கினால் வரும். நாலு பேர் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியே போகவேண்டுமானால் மறுபடி நாலு பேர் வேண்டும். எங்கள் ஒரே மகள் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு இருந்தாள். நான் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடிந்தும் விடியாமல் போய், மதியம் வந்து அவருக்குச் சோறு ஊட்டித் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓடவேண்டும். இதற்கு நடுவில் ஏரிக்கரைக்குப் போய்க் குதிரைக்குப் புல், கொள்ளு, தண்ணீர், லத்தி அள்ளுவது, உடம்பு தேய்ப்பது. மூன்றாவது வாரம் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, கொதிக்கும் குழம்பைக் கையில் கொட்டிக்கொண்டேன்.

விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். விற்றிருக்கலாம். ஆனால் கைகாலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் அவருடைய வலது கையைத் தூக்கச் சொல்லும்போதெல்லாம், "கடிவாளம் பிடிக்கணும்ல தாயி, தூக்கிருவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முயல்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிவாளத்துக்கு அந்தப் பக்கம் குதிரை இல்லையென்றால் அந்தக் கை எதற்காக எழும்பும்?

அப்போதுதான் எங்கள் பகுதிக்கு மேலே, பேரிக்காய்த் தோட்டமாக இருந்த ஒரு சரிவில் குதிரை லாயம் ஒன்று திறந்தார்கள். மற்றவர்களுடைய குதிரைகளை வைத்துப் பராமரிக்கிற இடம். நடத்தியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று மலையேறி வந்து குடியேறியவர். எல்லாரும் சார் என்போம். பார்க்கப் போனபோது ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார்.

"இது ஹாஸ்டல் மாதிரிம்மா. ஒரு குதிரைக்கு ஒரு ரூம், பன்னெண்டுக்குப் பன்னெண்டு. கீழ ரப்பர் மேட், அதுக்கு மேல வைக்கோல், டெய்லி மாத்திருவோம். எந்நேரமும் தண்ணி. ரெண்டு ஆளு ஃபுல் டைம். ஆறு வாரத்துக்கு ஒருக்கா லாடம் மாத்த ஆளு வருவாரு, மாசம் ஒருக்கா டாக்டர். அந்தப் பக்கம் வேலி போட்டு, அவுத்துவிட கிரவுண்டு. நீங்க விட்டுட்டு நிம்மதியாப் போகலாம்."

என்னால் முழுக் கட்டணம் கொடுக்க முடியாது என்று சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வந்து லாயத்தைக் கழுவித் தருவதாகப் பேசிக்கொண்டோம். அவர் யோசிக்காமல் சரி என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

அன்று போனில் வீடியோ எடுத்துவந்து கணவரிடம் காட்டினேன். அவருடைய அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர். தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு லயம் என்று பெயர். வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"எங்கம்மா பொறந்தது லயத்துல. பத்துக்குப் பத்து, ஏழு பேரு. நம்ம குதிரைக்கு லாயத்துல பன்னெண்டுக்குப் பன்னெண்டு. குடுத்துவச்சவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்கு அது அழகாகவே இருந்தது.

முதல் நாலு மாதம் சார் சொன்னது எல்லாம் நடந்தது. வைக்கோல் மாற்றினார்கள். லாடம் அடிப்பவர் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தார். நான் விடுதியிலிருந்து கேரட் தோலும் முட்டைக்கோஸின் வெளி இலையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போவேன். என் காலடி கேட்டதும் குதிரை கதவுக்கு மேல் தலையை நீட்டும். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சாயங்காலம் அந்தப் போட்டோவுக்காகவே அவர் விழித்திருப்பார்.

சீசன் வந்ததும் முதலில் ஆட்கள் போனார்கள். ஏரிக்கரையில் கூட்டம் குவிந்திருக்கும்போது யார் லாயத்தில் உட்கார்ந்து லத்தி அள்ளுவார்கள்? வேறு ஆள் தேடினார் சார். வந்தவர்கள் பத்து நாள் தாங்கவில்லை. பிறகு போர்வெல் வற்றியது. டேங்கர் தண்ணீர் விடுதிகளுக்கே போதவில்லை, குதிரைகளுக்கு ஒரு வேளைதான் காட்டமுடிந்தது. மாதம் ஒருமுறை வருவதாக இருந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த டாக்டரம்மாவுக்குத் தொலைவில் உள்ள பாச்சலூர் வரைக்கும் மாடும் ஆடும் பார்க்கவேண்டியிருந்தது.

இப்போது யாராவது என்னிடம் வந்து, குதிரையை விடுகிற இடத்தில் என்னென்ன வசதி பார்க்கவேண்டும் என்று கேட்டால், நான் ரூமின் அளவைப் பற்றிப் பேசமாட்டேன். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும், மழையில் மூத்திரம் எந்தப் பக்கம் வடியும், தினமும் நாலு காலையும் தூக்கி அடியைப் பார்க்கிற ஆள் யார் என்று கேட்கச் சொல்வேன். இந்த மூன்றையும் அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு எங்கே கொண்டுபோயிருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து, வைக்கோல் லாரி வருவது நின்றது. வைக்கோல் இல்லாத ரப்பர் விரிப்பு ஈரத்தை உறிஞ்சாது, வடியவும் விடாது. மூத்திரமும் மழைச் சாரலும் அடியில் தேங்கின. நான் போகிற மூன்று நாளும் விரிப்பைத் தூக்கிக் கழுவினேன். போகாத நாலு நாளும் குதிரை அதிலேயே நின்றது. அவிழ்த்துவிடலாம் என்றால் அந்தக் கிரவுண்டு முழுக்க முழங்கால் சேறு.

ஒருநாள் முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. தூக்கிப் பார்த்தேன். குளம்பின் அடியில், நடுவில் மெத்தென்று இருக்கும் பகுதி கறுத்துக் குழைந்திருந்தது. ஆணியால் சுரண்டியதும் அழுகிய நாற்றம் எழுந்தது. சார் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிருக்கேன்மா. நாளைக்கு வந்துருவாங்க. ரோடு கிளியராகட்டும்."

"ஆணி புடுங்கி லாடத்தக் கழட்டணும் சார்."

"அந்த ஆளும் கீழதான் மாட்டிக்கிட்டாரு."

அவர் சட்டையும் நனைந்திருந்தது. தனி ஆளாக ஒன்பது குதிரைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். கத்தவேண்டும் என்று வாயெடுத்த நான், மிச்சக் குதிரைகளுக்குத் தீவனம் வைக்கப் போனேன்.

வீட்டில் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனதும் அவர் முகத்தைத் திருப்பினார்.

"என்ன வாட?"

"ஹாஸ்டல்ல சாக்கட அடச்சுக்கிச்சுங்க. நாந்தான் குத்திவிட்டேன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். முப்பது வருடம் குளம்பு தூக்கியவருக்கு அந்த வாடை தெரியாமல் இருக்குமா? நான் சொன்னதை நம்ப அவர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் முகத்தை மட்டும் போட்டோ எடுத்தேன். விலா எலும்பு தெரியாமல், மடக்கிய கால் தெரியாமல். முகமும் வாடிப்போனபோது பழைய போட்டோக்களைக் காட்ட ஆரம்பித்தேன். நாளைக்கு டாக்டர் வந்துவிடுவார், மருந்து போட்டால் ஆறிவிடும், ஆறியபின் புதுப் போட்டோ எடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாளைக்கு என்பது ஒவ்வொரு நாளும் தள்ளிப்போனது. ஒன்பதாம் நாள் போனைத் தன் இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார் அவர். கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"ஏ புள்ள. ஒரு வாரமா மழ விடல. இதுல அவ மூஞ்சில வெயில் அடிக்குது."

போனை என் பக்கம் நீட்டினார்.

"என்னக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் ஏரிக்கரையில் அவரோடு குதிரை ஓட்டிய நாலு பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, நாற்பது படியும் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். லாயத்துக்குப் போகிற மண்பாதையில் ஜீப் ஏறவில்லை. மறுபடியும் நாற்காலியோடு தூக்கினார்கள். அவர் தலைமேல் நான் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குதிரை படுத்திருந்தது. பகலில் அது படுத்து நான் பார்த்ததில்லை. அவர் குரல் கேட்டதும் எழப் பார்த்தது. முன்பாதி எழுந்து அப்படியே விழுந்தது. "வேணாம், படு, படு" என்றார். தன்னைக் கீழே இறக்கச் சொன்னார். ஈர விரிப்பில் அவரை இறக்கிச் சுவரில் சாய்த்தோம். குதிரையின் காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். இடது கை விரலால் குளம்பை மெதுவாகத் தடவிப் பார்த்தார். அழுகிய குளம்பிலிருந்து லாடமே கிட்டத்தட்டக் கழன்றிருந்தது.

சார் வாசலில் நின்றார். "நான் எவ்வளவோ ட்ரை பண்ணேன். மன்னிச்சிருங்க."

"நீங்க என்ன செய்வீங்க சார்," என்றார் என் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது.

மதியத்துக்கு மேல், ஒரு வழியாக டாக்டரம்மா வந்தார். சேறு அப்பிய பூட்ஸோடு மண்டியிட்டு நாலு காலையும் பார்த்தார். இரண்டு கால்களில் சீழ் எலும்புவரை போய்விட்டது என்றார்.

"இனி எந்திரிக்காதுங்க. மருந்து குடுத்தா நாலஞ்சு நாள் இழுக்கும். ஊசி போட்டா அது வலி இல்லாமப் போகும். நீங்கதான் சொல்லணும்."

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில், அவர் சொன்னது எனக்கு முதலில் கேட்கவில்லை. குனிந்து கேட்டேன்.

"வெரசாப் போடச் சொல்லு."

ஊசி ஏறும்போது குதிரையின் தலை அவர் தொடைமேல் இருந்தது. அவர் இடது கை அதன் நெற்றியில் இருந்தது. வலது கை பக்கத்தில், உள்ளங்கை மேலே தெரிய, விழுந்து கிடந்தது. அதைத் தூக்கி அவரே வைக்கமுடியாதே என்று, நான் எடுத்துக் குதிரையின் கழுத்தில் வைத்தேன். அதன் மூச்சு நின்றபிறகும் வெகுநேரம் அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். நான் அவரோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து துணி மாற்றிவிடும்போது, "நீயும்தான் என்ன பண்ணுவ, உனக்கும் எத்தன சோலி," என்றார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மற்ற குதிரைக்காரர்கள் அந்த வாரமே தங்கள் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவை இப்போது ஏரிக்கரையில், வேறு இடம் இல்லாமல், மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கின்றன. சார் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். லாயத்து அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் அடுத்த வாரம் வந்தபோது, கையைத் தூக்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு அவளும் நின்றுவிட்டாள். ஒத்துழைக்காதவரிடம் வந்து என்ன பிரயோசனம் என்று படியேறும்போது என்னிடம் சொன்னாள். சரி என்றேன்.

இப்போது சாயங்காலம் நான் நேராக வீட்டுக்கு வருகிறேன். சோறு கொண்டுபோனால் வாயைத் திறக்கிறார். சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால், மறுபடி நான் வந்து திருப்பும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.