கேட்காமலே நீட்டிய அடையாள அட்டை

யுத்த காலம். தெருவுக்குத் தெரு மணல் மூட்டை அடுக்கிய இராணுவச் சென்ரி பொயின்ட்; தமிழன் என்றால் அடையாள அட்டையை நீட்டாமல் தாண்ட முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எனக்கு நெஞ்சுவலி என்று, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை வயர் விட்டுப் பார்த்தார்கள். பிறகு நர்ஸ் தொடைமேல் மணல் பையை வைத்தார். "எழும்பவும் கூடாது, காலை மடக்கவும் கூடாது. ரத்தம் பாய்ஞ்சா உயிருக்கே ஆபத்து."

"மணல் மூட்டை வெச்சு என்னையே சென்ரி பொயின்ட் ஆக்கிட்டீங்களே மிஸ்!"

அவர் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் பக்கத்துக் கட்டில் பெரியவரைப் பார்க்க, அவருடைய மகன் இராணுவச் சீருடையில் வந்தான். பூட்ஸ் சத்தம் கேட்டதும் மடையன் நான் துள்ளி எழும்பி, தலையணைக்கடியில் இருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவன் கேட்கவேயில்லை. மணல் பை விழுந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் ரத்தத்தில் சூடாக நனைந்தது.

"மாமே, நெகிட்டின்ன எபா!" எழும்பாதே என்று சிங்களத்தில் கத்தியபடி என்னைச் சாய்த்து, இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்தான். நர்ஸ் ஓடிவந்து தன் கையை வைக்கும்வரை விடவில்லை.

"ஏன் எழும்பினீங்க?" என்று நர்ஸ் அதட்டினார்.

"பழக்கம் மிஸ்."

அவன் கீழே கிடந்த அட்டையைத் துடைத்து, பெயரைக்கூடப் பார்க்காமல் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தகப்பனிடம் போனான். நன்றி சொல்லுமளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும். வாயாடி நான், அன்று வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.