பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் கணவரின் பெயர்

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் என் கணவர் ஒரு பெட்டி சோறு கட்டித் தரச் சொல்வார். நிந்தவூரில் படுக்கையில் கிடக்கும் அவருடைய அக்காவுக்காம். "ராத்தா ஆரையும் பார்க்க விரும்பமாட்டா" என்பார். நானும் நம்பி, உறைப்பைக் குறைத்து மீன் ஆணம் காய்ச்சி, சிவப்பு மூடிப் பெட்டியில் கொடுத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ராத்தாவுக்கு வருத்தம் கடுமை என்று ஓடினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் கேட்டது.

"நிந்தவூர் ஸித்தி பரீனா வபாத்தானார். அன்னார், நமது மஹல்லாவில் வசிக்கும் றியாசுதீனின் மனைவியாவார்."

எங்கள் மஹல்லாவில் றியாசுதீன் என்றால் என் கணவர் ஒருவர்தான்.

பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள இது?"

"பிழையா வாசிச்சிட்டாங்க மாமி. அது இவர்ட ராத்தா."

அந்தப் பிழையைத் திருத்தச் சொல்லத்தான் ஆட்டோவில் ஏறி, நிந்தவூரில் வீட்டை விசாரித்துப் போனேன்.

மையத்து வீட்டு வாசலில் நின்ற என் கணவர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே, தலைமாட்டு ஜன்னலில், முதல்நாள் நான் கொடுத்துவிட்ட பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. மௌத்தானவளின் உம்மா என் கையைப் பிடித்தார்.

"வந்திட்டியா மகள்? உன்ட ஆணமெண்டாத்தான் அவள் வாய் திறப்பாள். உனக்கும் துஆக் கேட்டுத்தான் படுப்பாள்."

அந்த வீட்டில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. ஒன்றும் தெரியாமல் இருந்தவள் நான் மட்டும்தான்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால், என் கை தன்பாட்டில் உறைப்பைக் குறைத்துவிடுகிறது.