வளைவு தாண்டும் வரை

போன வாரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு நல்ல தாகம். ஆனாலும் டீ குடிக்கவில்லை. ஏற்காடு போய்ச் சேரும் வரை வழியில் எங்கே இறங்குவது? பக்கத்தில் நின்ற பெண்ணும் கணவர் நீட்டிய டீயை வேண்டாம் என்றார். காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவருக்கு. பெயர் சித்ரா. நாகலூரில் காபி எஸ்டேட் வேலை. வயிற்றில் கட்டி, ஓயாத ரத்தப்போக்கு... அடுத்த மாதம் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள்.

“எடுத்துட்டா, இருமறப்ப ஒண்ணுக்குக் கசியறதும் நின்னு போயிருமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அதே ஆபரேஷனுக்காகப் போன வருடம், வாராவாரம் எழுதும் இந்தப் பத்திக்கு நான் லீவு போட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். நானும் அப்படி நம்பித்தான் போனேன். ரத்தப்போக்கு நின்றது. கசிவு நிற்கவில்லை. இருமப் பயந்து, சிரிக்கப் பயந்து — அலுத்துவிட்டது. பெண்ணுக்கு எது கெட்டாலும் ‘எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். எடுத்த பிறகு மிச்சம் இருப்பதை யார் பார்ப்பது?

“அது தானா நிக்காதுங்க. அடியில தாங்கற தசைக்குப் பயிற்சி வேணும். இப்பவே ஆரம்பிங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் எப்பச் சொல்றாங்களோ, அப்பத் தொடருங்க.”

சித்ராவின் முகம் வாடிவிட்டது. “நொம்ப நம்பியிருந்தனுங்க. பொண்ணு பெங்களூர்ல இருக்கறா. ஊட்டுக்கு வா வான்னு கூப்பிடறா. அவ்வளவு தூரம் பஸ்ஸுல எப்படிங்க போறது?”

பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். “ஒண்ணுக்கையும் காத்தையும் சேர்த்து அடக்கற மாதிரி உள்ளே இழுங்க. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க.”

“எவ்வளவு நேரமுங்க?”

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. “இது தாண்டற வரைக்கும். அப்புறம் முழுசா விட்டுருங்க.”

முதல் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அடுத்ததில் பாதியிலேயே விட்டுவிட்டார். அதற்கடுத்த வளைவில் மெல்லச் சிரித்தார். “இப்பத்தானுங்க எடம் புடிபடுது.”

அப்போது முன் சீட்டிலிருந்து கணவர் திரும்பினார். கையில் கனமான மளிகைப் பை.

“சும்மாதான உக்காந்திருக்கற? இதைக் கொஞ்சம் மடியில வெச்சுக்க.”

“சும்மா இல்லீங்க,” என்றார் சித்ரா, ஜன்னலைப் பார்த்தபடியே. “நீங்களே வெச்சுக்குங்க.”

ஆபரேஷனுக்குப் பிறகு சித்ரா கனம் தூக்கக் கூடாது என்பதை அந்த மனிதரிடம் யார் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை... இனி சித்ராவே சொல்லிக்கொள்வார்; எனக்கு அந்த வேலை மிச்சம்.