இடிவேலன் பறந்த ஞாயிற்றுக்கிழமை

அந்தப் படத்துக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. கிளாப் பலகையில் ‘புரொடக்ஷன் நம்பர் 2’ என்று எழுதியிருந்தது. நம்பர் 1 எது என்று யூனிட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை. 1991 பிப்ரவரியில், சம்பா அறுப்பு முடிகிற சமயம், இரண்டு வேனும் ஒரு அம்பாசிடரும் ஒரகடம் போகும் சாலையில் எங்கள் ஊர் ஏரிக்கரை ஓரமாக வந்து நின்றன. முகமூடி போட்டுப் பறக்கும் காமிக்ஸ் வீரன் இடிவேலனைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஊரில் இடிவேலன் புத்தகம் இருந்த ஒரே வீடு எங்களுடையது.

சரியாகச் சொன்னால் புத்தகம் மாமாவுடையது. அம்பத்தூரில் வேலை பார்த்த அவர் பொங்கலுக்கு வந்தபோது அதை என்னிடம் கொடுத்து மூன்று நிபந்தனைகள் போட்டார். ஓரம் மடங்கக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, பேனா படக் கூடாது. கலர் பென்சிலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

புத்தகம் முழுக்கக் கறுப்பு மை. அட்டையில் முகமூடி மட்டும். மூன்று வாரத்தில் அறுபத்து நாலு பக்கத்துக்கும் நான் வண்ணம் தீட்டி முடித்துவிட்டேன். வானத்துக்கே நீலம் தீர்ந்துபோனது. வில்லனின் ஆட்கள் அடிவாங்கி ரத்தம் சிந்தியதில் சிவப்பு தீர்ந்தது. கதை பட்டணத்தில் நடந்ததால் எந்தப் பக்கத்திலும் மரமே இல்லை. ஆகவே பச்சைப் பென்சில் மட்டும் முழுசாக மிஞ்சியது. இடிவேலனின் முதுகில் பறக்கும் துணி பச்சையானது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூனிட்டின் காஸ்ட்யூமர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மெட்ராஸிலிருந்து வந்த பெட்டியில் உடுப்பு இருந்தது, பெல்ட் இருந்தது, முகமூடி இரண்டு இருந்தது. முதுகுத் துணி இல்லை. மெட்ராஸ் டெய்லர் தைத்துவிட்டார் என்று இவரும், இவர் தைத்துக்கொள்வார் என்று டெய்லரும் நினைத்திருக்கிறார்கள். பறக்கிற காட்சி ஞாயிற்றுக்கிழமை. நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் கிரேனை அன்று ஒருநாள் மட்டும் கேட்டு வாங்கியிருந்தார்கள். நாலு மணிக்குத் திருப்பி விட்டுவிட வேண்டும்.

அம்மா பள்ளிக்கூட யூனிஃபாரமும் ரவிக்கையும் தைப்பவள். முதுகில் கட்டி விடுகிற துணியைத் தைத்ததில்லை. எந்த மாதிரி, எவ்வளவு நீளம், என்ன கலர் என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டியது நான்தான். அந்த நேரத்தில் எனக்குப் பெருமைதான் முன்னால் நின்றது.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “கலர்லகூட வந்துச்சா இது?” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். மாமாவின் மூன்று நிபந்தனைகளும் நினைவுக்கு வந்தன. “ஆமா, பிரஸ்லயே அப்டிதான் அடிச்சிருக்காங்க” என்றேன்.

அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்து மலிவுக் கலர் அச்சு, நடிகைகளின் உதட்டுச் சிவப்பைக் கன்னத்தில் போட்டுவிடும். என் பென்சிலும் கோட்டைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிளிப்பச்சை சாட்டின் வந்தது. அம்மா வெட்டுக்கு ஒரு தரம் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டாள். தோளில் கொசுவம் பிடித்தாள், கீழே கனத்துக்காக உள்ளே ஒரு கயிறு வைத்துத் தைத்தாள். இது நன்றாக அமைந்தால் வில்லனின் ஆட்கள் இருபது பேருக்கும் உடுப்பு தைக்கும் வேலை அவளுக்கே என்று காஸ்ட்யூமர் சொல்லியிருந்தார். அன்று அவள் மிஷினை மிதித்த வேகத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் ஊரே இருந்தது. காற்றுக்காகப் பெரியப்பாவின் களத்திலிருந்து நெல் தூற்றும் விசிறியைக் கொண்டுவந்து, பம்ப்செட் கொட்டகையிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். ஹீரோ குடைக்கடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாகப் பறப்பதற்கு வந்த டூப், ஒல்லியான மனிதர், இடிவேலன் உடுப்பில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு அவர் முதுகில் அம்மா தைத்த துணியைக் கட்டினார்கள்.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். “இன்னாய்யா இது? இடிவேலன்னா செகப்புய்யா. வாழத்தாருக்குப் பாவாட கட்டினாப்ல கீது.”

“புக்குலயே பச்சதான் சார்” என்று காஸ்ட்யூமர் கையோடு வாங்கி வந்திருந்த என் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். டைரக்டர் அந்தப் புத்தகத்தைப் படித்தவரில்லை. கதையை ஒருவர் சொல்லக் கேட்டுப் படமெடுக்க வந்தவர். இரண்டு பக்கம் புரட்டி, முகத்தைச் சுளித்து, டவுனுக்கு ஆளனுப்பிச் சிவப்புத் துணி வாங்கி வரச் சொன்னார். கிரேன் நாலு மணிக்குப் போய்விடும் என்று யாரோ நினைவூட்டினார்கள். இதை யார் தைத்தது என்று டைரக்டர் கத்தினார்.

அம்மா கூட்டத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். “புக்குல இன்னா இருந்துச்சோ அத்தான் தச்சேன், சார். வேணான்னா கழட்டிக் குடுத்துடுங்க. மூணு பொண்ணுக்குப் பாவாட ஆவும்.”

கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. நான் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்று, இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன்.

டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்து, “அந்த ஆர்ட்டிஸ்ட் வந்தாரே, எங்க அவரு?” என்றார்.

இடிவேலனை வரைந்தவர் காலையிலேயே பஸ்ஸில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கை வெள்ளைச் சட்டை, ஜோல்னாப் பை. யாரும் நாற்காலி போடவில்லை. லைட் பெட்டி மேல் உட்கார்ந்தவரை வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்து இரண்டு முறை எழுப்பி விட்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் அப்படித்தான் என்று எண்ணி, கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். டைரக்டர் வாட்சைப் பார்த்தார். ஆர்ட்டிஸ்ட் இன்னும் நாலைந்து பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து காஸ்ட்யூமரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், முந்தானைக்குப் பின்னால் தெரிந்த என் பாதி முகத்தைப் பார்த்தார்.

“பச்சதான் சார்” என்றார். “நான் மனசுல வெச்சது இதான்.”

“மின்னாடியே சொல்லக்கூடாதா?”

“யாரும் கேக்கல.”

கேமராமேன் தலையை உயர்த்தி, வானத்துக்கு எதிரே பச்சை எடுபடும் என்றார். அதற்கு மேல் டைரக்டருக்கு நேரமில்லை.

கிரேன் உறுமியது. டூப் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மேலே போனார். இருபதடி, முப்பதடி. விசிறியைப் போட்டதும் முதலில் வந்தது காற்றல்ல, போன வாரத்துப் பதர். டைரக்டர், ஹீரோ, குடை எல்லாம் மஞ்சளாயின. மேலே இடிவேலன் தும்மினார். இரண்டாவது தடவை காற்று மட்டும் போனது. பச்சைத் துணி ஒரு தரம் சுருண்டது, பிறகு முழுசாக விரிந்து நின்றது. ஓரத்தில் அம்மா வைத்த கயிறு அதை மடங்கவிடவில்லை. கிரேனின் கையை ஆபரேட்டர் மெல்லத் திருப்ப, டூப் ஏரிக்கு மேலாக ஒரு அரைவட்டம் போனார். பெரியப்பா தன் விசிறிதான் பறக்கவைக்கிறது என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன்கள் கரையோடு ஓடினார்கள். கத்தக் கூடாது என்று மைக்கில் சொன்னவரே கத்தினார்.

மூன்று டேக் எடுத்தார்கள். கிரேன் மூன்றரைக்கே போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. வில்லனின் ஆட்கள் புளியமரத்தடியில் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கன்னம்வரை மீசை. அம்மா டேப்போடு வர வர, கையைத் தூக்கி, தொப்பையை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். “மூச்ச வுடுண்ணே, தச்சப்புறம் எப்டி வுடுவே?” என்று அவள் ஒருவரை அதட்டினாள். அவர் குழந்தை மாதிரி விட்டார்.

படம் வெளிவரவில்லை. இருபது உடுப்புக்கும் கூலி வந்துவிட்டது என்பதால் எங்கள் வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு மாலை ஆர்ட்டிஸ்ட் லைட் பெட்டி மேல் உட்கார்ந்து, இந்த முறை யாரும் எழுப்பாததால், புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்கப் போன நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கத்தில் வெகுநேரம் விரல் வைத்திருந்தார். பட்டணத்து மாடிகளுக்கு மேல் நான் நீலம் தீர்த்த வானம் அது. தப்பு கண்டுபிடிக்கிறார் என்று பயந்தேன். கடைசியில் மூடி என்னிடம் கொடுத்து, “பிரஸ்காரங்களுக்கு நல்ல கை” என்றார்.

இவரையும் ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வீடுவரை ஓடினேன். பச்சையைச் சரியாகக் கண்டுபிடித்தது பற்றிப் பள்ளிக்கூடத்தில் பல மாதம் பீற்றிக்கொண்டேன். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகுதான், அந்தப் பதிப்பகம் கடைசிவரை ஒரு புத்தகத்தைக்கூட உள்ளே கலரில் அடித்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். இடிவேலனை வரைந்தவர் அவனைக் கலரில் பார்த்தது அன்றைக்குத்தான்.