மழைச்சட்டையை நனையாமல் காத்தவர்

வாங்கிப்போன மழை ஜக்கெற்றைத் திருப்பித் தர சிவநாதன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றதும் எனக்குப் பகீரென்றது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில், மழை உடுப்புப் பகுதியில் பதினெட்டு வருடம் நின்றவள் நான். என் கையால் கொடுத்த சாமான் திரும்பி வருவது எனக்குப் பெரிய மானப் பிரச்சினை.

சிவநாதன் பிறம்ரன் நகரில் ரக் லொறி ஓட்டுபவர். ஒரு மாதத்துக்கு முன்பு, வேலைத்தள நண்பர்கள் மூவரோடு வடக்குக் காட்டுக்கு மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போக ஜக்கெற் தேடி வந்திருந்தார்.

"முதல் தரம் கூட்டிக்கொண்டு போறாங்கள் அக்கா. சொதப்பினால் இனிக் கூப்பிடமாட்டாங்கள்."

வேட்டைக்கு வோட்டர்ப்ரூஃப் மட்டும் காணாது, சத்தமும் பார்க்கவேண்டும். ஒன்றைப் போட்டுக் கையை உயர்த்தச் சொன்னேன். சரசரவென்றது.

"உதைக் கேட்டால் மூஸ் கியூபெக்குக்கே ஓடிடும். கழட்டுங்கோ."

மேல்துணி மெத்தென்ற, தையலெல்லாம் டேப் அடித்த, வியர்வை போகக் கக்கத்தில் திறந்து மூடும் சிப் வைத்த ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். விலைச்சீட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "விலையான சாமான் தம்பி, கவனமாப் பாவியுங்கோ" என்று வேறு சொல்லி அனுப்பினேன். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இப்போது அதே ஜக்கெற், லேபிள்கூட வெட்டாமல், மேசையில் கிடந்தது.

"தண்ணி உள்ளுக்கு வந்ததோ?"

"இல்லையக்கா. போடேல்லை."

"ஏன், மழை பெய்யேல்லையோ?"

"மூண்டு நாள் அடிச்சு ஊத்தினது. புதுச் சாமான் நனைஞ்சிடுமெண்டு பைக்குள்ள வைச்சிட்டன்."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டியிருக்கிறார். மூஸ் கிட்ட வந்த நேரம் கையைத் தூக்க, பை சத்தம்போட, அது பாய்ந்து ஓடிவிட்டது. பிறகு குளிரில் நடுங்கத் தொடங்கியவருக்காக எல்லோரும் ஒரு நாள் முந்தியே திரும்பியிருக்கிறார்கள்.

"இனி என்னைக் கூப்பிடமாட்டாங்கள் அக்கா. உது எனக்கு என்னத்துக்கு?" ஜக்கெற்றை என் பக்கம் தள்ளினார். சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கத்திரிக்கோலை எடுத்து லேபிளை வெட்டினேன்.

"ஐயோ அக்கா! இனித் திருப்பேலாதே!"

"பிடிக்காட்டி நான் பொறுப்பு. போட்டுக்கொண்டு வெளியில போய் நில்லுங்கோ."

வெளியே நல்ல மழை. பார்க்கிங்கில் பத்து நிமிடம் நின்றார். மனேஜர் யன்னல் கண்ணாடியால் பார்த்துவிட்டு, "அந்த ஆளுக்கு என்ன?" என்றார். "பரிசோதனை" என்றேன்.

உள்ளே வந்து முன் சிப்பைத் திறந்து, அடியில் போட்டிருந்த சேட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "அக்கா, காய்ஞ்சுபோய்க் கிடக்குது!"

"அதுக்குத்தானே தம்பி விக்கிறம்! ஒரு படம் எடுத்து அவங்களுக்கு அனுப்புங்கோ."

அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்த நண்பர்களில் ஒருவன் பதில் போட்டான்: அடுத்த வருடம் இதைப் போட்டுக்கொண்டு வருவதென்றால் வா.

அடுத்த இலையுதிர்காலம் சிவநாதன் அதே ஜக்கெற்றோடு வந்தார். முழங்கையில் கிழிசல், முன்பக்கமெல்லாம் சேறு. "ஊத்தையாப் போச்சுதக்கா, குறை நினைக்காதேங்கோ" என்று ஒரு ஐஸ்கிறீம் டப்பாவை நீட்டினார். உள்ளே மூஸ் கறி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்கள் சனத்துக்கு மழைச்சட்டை விற்றால் லேபிளைக் கடையிலேயே வெட்டிவிடுங்கள்.

மூஸ் கறி வந்த அன்று வீட்டில், கண்ணாடி அலமாரிக்குள் வருடக்கணக்காய் அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகளை இறக்கிக் கழுவினேன். கணவர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஆரப்பா வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை. நாங்கள்தான் சாப்பிடப்போறம். இருங்கோ."